ஒரே இலைக்கு ஐந்து பெயர்

"வாயைத் திறங்க தாத்தா! கொஞ்சம் திறங்க… அப்பிடித்தான்… முழுங்குங்க!"

சுபிதாவின் வலதுகை விரல்கள் பாயசத்தில் தோய்ந்திருந்தன. இடதுகை கிழவரின் பிடரியைத் தாங்கியிருந்தது. காகிதக் கிண்ணத்திலிருந்த அடைப்பிரதமனை வழித்து வழித்து அவர் கன்னத்தின் உட்பக்கம் தேய்த்தாள். வெல்லப்பாகு கடைவாயில் வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்கியது.

கிழவரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண்கள் மேலே செருகியிருந்தன. கொஞ்சம் முன்னால்வரை வரிசையில் கைகூப்பி உட்கார்ந்திருந்த மனிதர். கூப்பிய கையோடு அப்படியே இலையின்மேல் சரிந்துவிட்டார். அவியலும் எரிசேரியும் நெற்றியில் ஒட்டியிருந்தன. ஒரு பருக்கைகூட வயிற்றுக்குள் போயிருக்கவில்லை.

"மேடம்! இலையைக் கலைக்காதீங்க! படம் இன்னும் முடியல்ல!"

முதுகுக்குப் பின்னால் கத்தியவன் ஜெயசிங். பொன்மலர் ஆதரவு இல்லத்தின் மேலாளர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, ஒரு கையில் வெள்ளைப் பலகை, இன்னொரு கையில் மார்க்கர் பேனா.

சுபிதா திரும்பவே இல்லை. "ஆளு சாகக் கிடக்காரு, உமக்குப் படமா ஓய்? இவருக்கு சுகர் உண்டா இல்லியா, அதைச் சொல்லும் முதல்ல!"

"உண்டு." பதில் சமையற்கட்டு வாசலிலிருந்து வந்தது. சமையற்காரி சகாயசெல்வி கரண்டியோடு நின்றாள். "பன்னெண்டு மணிக்கே ஊசி போட்டாச்சு."

"ஊசி போட்டுட்டு இவ்வளவு நேரமா சோத்துக்கு முன்னால சும்மா உட்கார வச்சிருக்கியளா?"

சகாயசெல்வி திரும்பி ஜெயசிங்கைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

சுபிதா டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுபவள். ஆனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இன்சுலின் ஊசி போட்டுப் பழகிய கை. ஊசி ஏறினால் பின்னாலேயே சோறு ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஆள் எப்படிச் சரிவார் என்பதை அவள் வீட்டு நடு அறையிலேயே பார்த்திருக்கிறாள்.

இன்னும் இரண்டு விரல் பாயசம். இன்னும் இரண்டு. கிழவரின் தொண்டை அசைந்தது. கண்ணின் கருமணி மெல்லக் கீழே இறங்கி வந்து அவள் முகத்தைத் தேடியது.

"மக்களே…" என்று அவளைக் கூப்பிட்டார் கிழவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "இன்னும் எத்தர போர்டு உண்டு?"

சுபிதாவுக்கு உச்சந்தலைக்குக் கோபம் ஏறியது. பிழைத்து வந்ததும் ஒரு மனிதன் கேட்கிற முதல் கேள்வியா இது?

"ஒரு போர்டும் இல்ல தாத்தா. சாப்பிடுங்க." எழுந்து நின்றாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "எல்லாரும் சாப்பிடுங்க! ஏன் பாத்துட்டு இருக்கீங்க?"

இரண்டு வரிசை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எல்லோர் முன்னாலும் தலைவாழை இலை. பப்படம் நமுத்துச் சுருண்டிருந்தது. பருப்பின்மேல் ஆடை படிந்திருந்தது. மட்டிப்பழத்தில் ஈ உட்கார்ந்திருந்தது.

ஒரு கைகூட நீளவில்லை.

எல்லாக் கண்களும் ஜெயசிங் முகத்தில் இருந்தன. அவன் தலையசைத்தால்தான் பசிக்கும் என்பதுபோல.

* * *

அவள் இங்கே வந்தது ஊழல் பிடிப்பதற்காக இல்லை. பணம் கொடுப்பதற்காக.

சுபிதாவின் அப்பா நாராயணபெருமாள் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்ற வியாபாரி. அய்யாவழிக் குடும்பம். வருஷாவருஷம் அவர்கள் கும்பிடப் போகும் தாங்கலில் அன்னதர்மம் கொடுக்க அரிசி போகும். மூட்டையை இறக்குவார், யார் கொண்டுவந்தது என்று யாரிடமும் சொல்லாமல் திரும்பிவிடுவார். போன வருஷம் தொண்டை அடைத்துப் படுத்தார். கடைசி மாதங்களில் அவர் மனைவி அன்னக்கிளிதான் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மேல்விளையை வித்துரு. இப்பிடி ஊட்டிவிட ஒரு ஆளில்லாதவங்க எங்க கிடக்காங்களோ, அங்க குடுத்துரு."

மேல்விளை என்பது குடும்பத்துக்கு இருந்த ரப்பர் தோட்டத்தின் பாதி. விற்றாயிற்று. காசோலையில் அன்னக்கிளி கையெழுத்தும் போட்டாயிற்று. யார் பெயருக்கு என்கிற இடம் மட்டும் காலியாக இருந்தது. அந்த ஒற்றை வரிக்காகத்தான் தாயும் மகளும் காலையிலிருந்து காரில் அலைந்துகொண்டிருந்தார்கள்.

துபாயில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன் அனில்குமாருக்கு அலைச்சலே தேவையில்லை. "பொன்மலருக்குக் குடுங்க. நமக்குத் தெரிஞ்ச இடம்" என்று ஒரே பிடி. அம்மாவுக்கும் அதுதான் ஆசை. காரணம், அவள் போனில் மாதாமாதம் வந்து விழும் படம். அப்பா இறந்த தேதியில் பொன்மலரில் ஒருநேரச் சாப்பாடு. வரிசையாக முதியவர்கள், முன்னால் இலை, கூப்பிய கைகள், நடுவில் பலகை: 'நாராயணபெருமாள் அவர்கள் நினைவாக.' அனில்குமார் அனுப்பிவைப்பான். அன்னக்கிளி அதை ரேஷன் கடை வரிசையில் காட்டுவாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் காட்டுவாள், தூங்கப் போகுமுன் தானே ஒருதடவை பார்ப்பாள்.

"வாங்குகதுக்கு முன்னால ஒரு சேலையையே நாலு கடை ஏறிப் பாக்கியோம். அப்பாக்க விளையை வித்த பணத்தை ஒரு படத்தை மட்டும் பாத்துட்டுக் குடுக்கியதா?" என்று சுபிதாதான் அடம்பிடித்தாள்.

அதனால் காலையில் முதலில் தேங்காய்ப்பட்டணம். துறைமுகத்துக்குப் போகிற வழியில் ராகேல் என்கிற அம்மாள் நடத்தும் கரையோர முதியோர் இல்லம். தகரக் கூரை, கதவில்லாத ஒரு குளியலறை, உச்சக் குரலில் டிவி. ராகேல் வாசலில் குந்தி மீன் அரிந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை.

"போனைக் கேட்டுல குடுத்துட்டு வாங்க" என்பதுதான் வரவேற்பு.

அன்னக்கிளி தன் பெருமையை அடக்கிக்கொண்டு கேட்டாள். "பணம் தந்தா, அவருக்க பேரை எங்க எழுதிப் போடுவிய?"

"பேரா? இஞ்ச கிடக்கதுகளுக்கு அதுகளுக்க பேரே ஓர்மை இல்ல. ஒங்காளு பேரை எழுதிப்போட்டு ஆரு வாசிக்க?"

"ஒரு படமாவது…"

"ஒங்க வீட்டுல நீங்க சோறு திங்கும்போ ஒருத்தன் வந்து நின்னு படம் பிடிச்சா சும்மா விடுவியளா?" ராகேல் சாளை மீனின் தலையை நறுக்கென்று வெட்டினாள். "தாறதுன்னா தாங்க. இல்லேன்னா சும்மா இருந்து ரெண்டு பேருக்கு ஊட்டிவிட்டுட்டுப் போங்க. இன்னைக்கு ஊட்டிவிடுகிய பிள்ளை ஒண்ணு லீவு."

அன்னக்கிளி விருட்டென்று திரும்பிக் காரில் ஏறிவிட்டாள். வழியெல்லாம் பொருமல், துபாய்க்குப் போன் போட்டு மகனிடமும் பொருமல். "வாயா அது? முள்ளு! நான் என்ன இவகிட்ட கடன் கேக்கவா போனேன்? பிச்சை எடுக்கியவளுக்கு இருக்கிய திமிரைப் பாத்தியா? நேரா பொன்மலருக்கு விடுட்டி!"

பொன்மலரில் நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ராகேல் விரட்டிய வேகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே டைல்ஸ் பதித்த அழகான கட்டடம். முட்டுவலி என்று அம்மா காரிலேயே இருந்துகொண்டாள். சுபிதா மட்டும் இறங்கினாள். அலுவலக அறையில் ஆள் இல்லை. உள்ளேயிருந்து "அடுத்தது!" என்று ஒரு குரல். குரல் வந்த பக்கம் நடந்தாள். சாப்பாட்டுக் கூடத்தின் ஜன்னல்.

பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பலகையில் 'குழந்தை சிவப்ரியாவின் முதல் பிறந்தநாள்' என்று எழுதியிருந்தது. ஜெயசிங் சொன்னான்: "பிறந்தநாளு! கைதட்டுங்க! சிரிங்க… யேசுதாசன் தாத்தா, ஒமக்குத் தனியாச் சொல்லணுமா? சிரியும்!" தட்டினார்கள். போனில் படம் எடுத்தான். துணியால் பலகையைத் துடைத்தான். 'ஹரிகுமார் – கிருஷ்ணப்ரியா திருமண நாள்' என்று எழுதினான். "கல்யாண நாளு! கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுங்க!" தூக்கினார்கள். படம். துடைத்தான். 'கோலப்பன் அவர்கள் நினைவாக.' "நினைவு நாளு! கைகூப்புங்க. ஆரும் சிரிக்கப்பிடாது!"

அதே இலை. அதே சோறு. அதே நமுத்த பப்படம்.

சுபிதா தன் போனைத் தூக்கி ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பதிவு செய்தாள். மூன்றாவது பலகையில்தான் யேசுதாசன் தாத்தா சரிந்தார். அவள் வாசலைத் தேடவில்லை. எதிரே பட்ட சமையற்கட்டு வழியாகவே உள்ளே பாய்ந்தாள்.

* * *

"மேடம், நீங்க தப்பா நினைக்கியீங்க." ஜெயசிங் குரலைத் தாழ்த்திக்கொண்டான். நாலு மணிக்கு வரவேண்டிய நன்கொடைக்காரி இவள்தான் என்பது இதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பையில் மார்க்கரைச் செருகிக்கொண்டு, வாடிக்கையாளரிடம் பேசுகிற சிரிப்பை முகத்தில் மாட்டினான். "ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்து பேசலாமே. சகாயம், மேடத்துக்கு ஒரு சர்பத்து…"

"எனக்கு சர்பத்து வேண்டாம். ஒரே இலையைக் காட்டி அஞ்சாறு பேரை ஏமாத்துகது எத்தனை நாளா நடக்கு?"

"அஞ்சாறு இல்ல, இன்னைக்கு அஞ்சு" என்றான் அவன், ஏதோ கணக்கில் தப்பு வந்துவிடக்கூடாது என்பதுபோல. "ஏமாத்துகதுன்னு சொல்லாதீங்க மேடம். அரிசி விலை தெரியுமா ஒங்களுக்கு? கேஸ் விலை? ஒருத்தரு தாற காசுல இவ்வளவு பேருக்கு இலைபோட்டு பாயசத்தோட விளம்ப முடியுமா? அஞ்சு பேரு சேர்ந்தாத்தான் ஒருநேரம் ஓடும். ஆனா 'ஐந்து பேர் சேர்ந்து அளித்தது'ன்னு எழுதினா ஒருத்தன் தருவானா? ஒவ்வொருத்தனுக்கும் தனக்க பேரு மட்டும் வேணும். பெத்த பிள்ளை பிறந்தநாளுக்கு அடுத்தவன் பேரும் கூட இருந்தா சகிக்க முடியாது. அவங்களுக்குப் படம் வேணும், இவங்களுக்குச் சோறு வேணும். நடுவுல நான் நின்னு ரெண்டையும் நடத்துகேன். இதுல ஆருக்கு என்ன நஷ்டம்?"

அவன் சொல்வதில் நியாயம் மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. சுபிதா கீழே பார்த்தாள். யேசுதாசன் தாத்தா நெற்றியில் ஒட்டிய எரிசேரியைத் துடைக்காமல், இலையைத் தொடவும் செய்யாமல், ஜெயசிங்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நியாயம் பறந்துபோயிற்று.

"அப்போ ஒவ்வொருத்தர்ட்டயும் அஞ்சுல ஒரு பங்குதானே வாங்கியிருப்பீரு?"

ஜெயசிங் துடைப்புத் துணியை எடுத்து மடித்தான்.

"முழுசாத்தான்." வாசலிலிருந்து சகாயசெல்வி. கரண்டியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு முந்தானையில் கைதுடைத்தாள். "எல்லார்ட்டயும் முழுசாத்தான்."

"நீ உள்ள போ!"

"நான் ஏன் போணும்? நாளும் சூடா வடிச்சு வைக்கியது நான். அது ஆறிக் கல்லாப்போற வரைக்கும் இதுகளைக் காக்க வைக்கியது நீரு. பலநாளு நானே சொல்லியிருக்கேன், முதல்ல தின்னட்டும், ஒரு பந்தியை மட்டும் படத்துக்கு வச்சுக்கிடும்னு. கேட்டீரா? 'கையெல்லாம் சோறு ஒட்டியிருந்தா படம் நல்லா வராது'ன்னுதானே பறஞ்சீரு?"

"கையில சோறு ஒட்டியிருந்தா படம் நல்லா வராதா?" சுபிதாவின் குரல் கிறீச்சிட்டது. "சோறு போடுகதா ஊரெல்லாம் சொல்லிப் பணம் பிடிப்பீரு. தின்னுகவன் கையில சோறு இருந்தா அது ஒமக்கு அசிங்கமா?"

"சத்தம் போடாதீங்க மேடம், இவங்களுக்கு பிரஷர் கூடும்…"

"என்னட்டி சத்தம்?"

வாசலில் அன்னக்கிளி. காரிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்திருந்தாள். கண் பலகைக்குப் போயிற்று. 'கோலப்பன் அவர்கள் நினைவாக.' பிறகு வரிசைக்குப் போயிற்று. அவள் நெற்றி சுருங்கியது. அந்தச் சுவர், அந்த நீல ஜன்னல், மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் மூக்குத்திக் கிழவி எல்லாம் அவளுக்கு மனப்பாடம். போனில் தினமும் பார்க்கிற முகங்கள்.

சுபிதா சொன்னாள். நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். பலகை, துடைப்பு, கைதட்டல், ஊசி.

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். ராகேலைத் திட்டிய வாய் இவனை உரித்துத் தோரணம் கட்டும் என்று எதிர்பார்த்தாள். அன்னக்கிளி நேராக மூக்குத்திக் கிழவியின் எதிரே போய் நின்றாள்.

"எனக்க ஆளு பேரைச் சொல்லிக் கும்பிட்டியே மக்களே… அன்னைக்காவது நேரத்துக்குத் தின்னியா?"

கிழவிக்குக் கேள்வி புரியவில்லை. பழக்கத்தில் கைகளைக் கூப்பினாள். கண் மட்டும் ஜெயசிங்கிடம் போய், கூப்பியது சரிதானா என்று கேட்டது.

அன்னக்கிளி அந்தக் கூப்பிய கைகளைப் பிரித்தாள். பிரித்து, அவற்றைச் சோற்றின்மேல் வைத்தாள். பிறகு முட்டு நொடிக்க, "அய்யா" என்று முனகியபடி யேசுதாசன் தாத்தாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் இலையிலிருந்து ஆறிப்போன சோற்றில் ஒரு பிடி அள்ளினாள். பருப்பைப் பிசைந்தாள். தன் வாயில் போட்டு மென்றாள். கூடம் முழுக்கப் பார்க்கும்படி மென்றாள்.

"நான் திங்கியேன். ஒருத்தனும் என்னை ஒண்ணும் செய்யல்ல, பாத்தியளா? தின்னுங்க!"

முதலில் ஒரு கை. பிறகு மூன்று. அப்புறம் கூடத்தில் பசித்தவர்கள் சாப்பிடுகிற சத்தம் மட்டும். சகாயசெல்வி சூடான ரசத்தோடு ஓடிவந்தாள்.

* * *

சுபிதா பதிவு செய்ததை அண்ணனுக்கு அனுப்பினாள். பார்த்துக் கொதிக்கட்டும். பொன்மலர் பொன்மலர் என்று உயிரை எடுத்தானே!

அனுப்பிய சூட்டிலேயே வீடியோ அழைப்பு வந்தது. திரையில் அனில்குமார். மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே பேசினான்.

"ஏட்டி சுபி, இதை வேற ஆருக்காவது அனுப்பினியா?"

கிழவர் பிழைத்தாரா என்று கேட்பான் என நினைத்திருந்தாள் அவள். "இல்ல. இனித்தான். இதுல இருக்கிய பேருள்ளவங்க எல்லாருக்கும் போகணும்."

"வேண்டாம்! ஒண்ணும் செய்யாதே! செக்கு குடுத்தாச்சா?"

"இவனுக்கா? ஒனக்கென்ன வட்டு பிடிச்சிருக்கா?"

"நீ போனை அம்மாட்ட குடு."

அன்னக்கிளி சோற்றுக் கையோடு இடதுகையால் போனை வாங்கினாள்.

"அம்மா, அவ சின்னப்பிள்ளை மாதிரி குதிக்கா. எல்லா ஹோம்லயும் இதுதான் நடைமுறை. ஒரு குறை இருந்தா சொல்லித் திருத்தலாம். அதுக்காக நல்லா நடக்கிய ஒரு இடத்தை…"

"இஞ்ச தரமாட்டேன்" என்றாள் அன்னக்கிளி.

"பின்ன எங்க? அந்த மீன்காரிக்கா? ஒரு படம்கூட அனுப்பமாட்டா! அவ சோறு போட்டாளா, போடல்லியான்னு நாம எப்பிடி அறிய?"

"போய்ப் பாத்து அறிஞ்சுக்கிடலாம். சும்மா இருந்தா ரெண்டு பேருக்கு ஊட்டிவிட்டுட்டுப் போன்னுதானே சொன்னா? எனக்குத்தான் அப்போ கோவம் வந்துட்டு. ஏட்டி சுபிதா, பேனா இருக்கா? கரையோர முதியோர் இல்லம்னு எழுது."

சுபிதா கைப்பையிலிருந்து காசோலையை எடுத்து எழுதினாள். பேனா தாளில் உரசியதுகூட அனிலுக்குக் கேட்டிருக்க வேண்டும். பிறகு திடீரென்று அவன் குரல் மாறியது. கண்டிப்பான மகனின் குரல்.

"சரி. ஒங்க இஷ்டம். ஆனா அவனை நான் விடமாட்டேன். போனை அவனுக்கு நேரா பிடிங்கம்மா." அன்னக்கிளி பிடித்தாள். "ஏலே ஜெயசிங்! வயசானதுகளைப் பட்டினி போட்டுப் படம் எடுக்கியா நீ? எங்க அப்பாக்க பேரையும் வச்சு விளையாடியிருக்கியா? ஒனக்கு மனசாட்சி உண்டாலே? நாளைக்கே போலீஸ்ல எழுதிக்குடுத்து ஒன்னை உள்ள தள்ளல்லேன்னா, நான் நாராயணபெருமாளுக்க மொவன் இல்ல!"

இத்தனை நேரமும் பம்மிக்கொண்டு நின்ற ஜெயசிங் நிமிர்ந்தான். முகத்திலிருந்த வாடிக்கையாளர் சிரிப்பு உதிர்ந்துபோயிருந்தது. திரையையே பார்த்தான். பிறகு அவனையறியாமல் சிரித்தான். இது வேறு சிரிப்பு.

"போலீஸா அண்ணே? சரி, விளியுங்க. வரட்டும். அதுக்கு முன்னால இன்னைக்கு போர்டுல எழுதுகிய அஞ்சு பேரும் ஆருக்க ஆளுன்னு ஒங்க அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"எந்த அஞ்சு பேரு? எனக்கென்ன தெரியும்?"

"தெரியாதா?" பலகையைச் சுவரோரம் சாய்த்தான் ஜெயசிங். "அம்மா, நான் செய்தது தப்புத்தான். பதில் சொல்லிக்கிடுகேன். ஆனா கல்லை என் தலையில மட்டும் போட்டுட்டு இவரு கைகழுவினா விடமாட்டேன். சிவப்ரியாக்க அப்பன், இந்த ஹரிகுமாரு, கோலப்பனுக்க மருமொவன்… எல்லாரும் ஒங்க மொவனுக்க கம்பெனி ஆளுங்க. இவருதான் பிடிச்சுத் தாறாரு. 'எங்க ஊருல நல்ல இடம், எங்கப்பாக்க பேருல நானே மாசாமாசம் போடுகேன்'னு ஒங்க வீட்டுப் படத்தைக் காட்டித்தான் பிடிக்கியாரு. பணம் இவரு கைக்குப் போவும். பாதிதான் எனக்கு வரும். மத்த பாதி எங்க போச்சுன்னு நான் கேட்டதில்ல."

"அம்மா, புளுவுகான்! அவன் புளுவுகான்! சுபி, நீ அந்த போனைக் கட் பண்ணு…"

சுபிதா அசையவில்லை. 'வேற ஆருக்காவது அனுப்பினியா' என்று அவன் முதலில் கேட்டது ஏன் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்னக்கிளி போனைத் தரையில் கவிழ்த்துவைத்தாள். உள்ளேயிருந்து அண்ணனின் குரல் டைல்ஸில் மோதிக் குழறியது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பிசைந்த கையை உதறாமல், ஜெயசிங்கை அண்ணாந்து பார்த்தாள். கோபம் இல்லாத முகம். அதுதான் சுபிதாவைப் பயமுறுத்தியது.

"நீ சொல்லுகது எல்லாம் இருக்கட்டும் மக்கா. எனக்கு ஒண்ணே ஒண்ணு அறியணும். எனக்க ஆளு பேருல மாசாமாசம் படம் வருமே. அந்தச் சோத்துக்காவது எனக்க மொவன் காசு தந்தானா?"

எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவன் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"பத்து ஆளு பிடிச்சுத் தந்தா அவருக்கு ஒரு போர்டு சும்மா. அதுதாம்மா அது."